ஸ்மார்ட்போனை இசைக்கருவியாக வாசிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுக் கேட்கும் போனுக்கும் வாசிக்கும் போனுக்கும் என்ன வித்தியாசம்?

பாட்டு ஓடும்போது அடுத்து வரப்போகும் ஒலி போனுக்கு முன்பே தெரியும். அதனால் சில நொடிகளுக்கு உரியதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு நிதானமாக ஒலிக்கவிடலாம். வாசிக்கும்போது அந்தச் சௌகரியம் கிடையாது. விரல் பட்ட பிறகுதான் கணக்கே தொடங்கும், ஆனாலும் பட்ட உடனே கேட்க வேண்டும்.

போன் ஒலியைச் சிறு கட்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒலி அலையின் ஒரு கண அளவைக் குறிக்கும் எண்ணுக்குச் சாம்பிள் என்று பெயர். நொடிக்கு 48,000 சாம்பிள், ஒரு கட்டுக்கு 192 சாம்பிள் என்றால், 4 மில்லிசெகண்டுக்கு ஒரு கட்டு தயாராகிவிட வேண்டும். நொடிக்கு 250 முறை இது நடக்கும். 249 முறை சரியாக வந்து ஒரே ஒரு முறை பிந்தினாலும் காதில் ‘டக்’ என்று விழும். சராசரி வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் உதவாது. ஒரு கெடுவும் தவறக் கூடாது.

எவ்வளவு தாமதம் வரை வாசிக்க முடியும்?

வாசிக்கும் வகையைப் பொறுத்தது. தட்டும் வாத்தியங்களுக்கு விரலிலிருந்து காது வரை 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உறுத்தாது. 20 வரை பெரும்பாலோர் சமாளிப்பார்கள். 30-ஐத் தாண்டினால் கை தானாகவே முந்தி அடிக்கப் பழகிக்கொள்ளும், தாளம் ஆடும். நீளமாக இழையும் ஸ்வரங்களுக்கும் காற்றொலி போன்ற பின்னணிக்கும் 50 மில்லிசெகண்ட்கூடப் பெரிய குறையாகத் தெரியாது.

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஸ்பீக்கரை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். மேடையில் வாசிப்பவர்கள் இதற்குப் பழகியவர்கள்தான். ஆனால் அந்தத் தூரம் மாறுவதில்லை. போனிலோ ஒரு தட்டுக்கு 12, அடுத்ததற்கு 31, அதற்கடுத்து 18 என்று அலைந்தால் கை எதற்கும் பழக முடியாது. எப்போதும் 25 என்று நிற்கும் போன், 10-க்கும் 30-க்கும் நடுவே அலையும் போனைவிட வாசிக்க நல்லது.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது?

ஒலிக் கட்டுகள் காத்திருக்கும் நினைவக இடமான பஃபரை மட்டுமே குறை சொல்வது வழக்கம். அது பாதிக் கதைதான்.

முதலில் தொடுதிரை. நொடிக்கு 60 முறை விரலைத் தேடும் திரையில், தொட்டதைக் கவனிக்கவே 16.7 மில்லிசெகண்ட் வரை போகலாம். 120 முறை தேடினால் 8.3. அதற்கு மேல், இயங்குதளம் தொடுகைகளைச் சேர்த்து வைத்து, திரை புதுப்பிக்கப்படும் நேரத்தில்தான் ஆப்பிடம் கொடுக்கும். ஆண்ட்ராய்டில் இப்படிச் சேர்க்காமல் உடனுக்குடன் தரச் சொல்லிக் கேட்க வழி உண்டு. பல ஆப்கள் அதைக் கேட்பதே இல்லை.

அடுத்தது ஆடியோ பஃபர். 48,000 சாம்பிள் வேகத்தில் 64 சாம்பிள் என்பது 1.33 மில்லிசெகண்ட், 128 என்பது 2.67, 256 என்பது 5.33. வழக்கமாக ஒரு கட்டு ஒலித்துக்கொண்டிருக்க, இன்னொன்று தயாராகும். ஆகவே இந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருப்பவை: எல்லா ஆப்களின் ஒலியையும் கலக்கும் மிக்ஸர், சாம்பிள் வேகத்தை மாற்றும் ரீசாம்பிளர், உற்பத்தியாளர் சேர்த்திருக்கும் ‘சினிமா சத்தம்’ வகை எஃபெக்ட்கள். பல போன்களில் இந்த இடம்தான் மிக அதிகமாக விழுங்குகிறது. அமைப்புகளில் ஒலி மேம்பாடு, ஈக்வலைசர், சரவுண்ட் என்று என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்.

என் போனின் தாமதத்தை நானே அளக்கலாமா?

அளக்கலாம். இன்னொரு போனோ ரெக்கார்டரோ போதும்.

1. அளக்கப்போகும் போனில் ‘டிக்’ என்று கூர்மையாகத் தொடங்கும் ஒரு டிரம் ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக எழும் ஒலி வேண்டாம்.
2. ரெக்கார்டரை 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, வேவ் கோப்பாக 48,000 சாம்பிள் வேகத்தில் பதியுங்கள்.
3. விரல் நுனியும் நகமும் ஒருசேரப் படும்படி கண்ணாடியைத் தட்டுங்கள். நகம் படும் சத்தமும் பதிவாக வேண்டும். நகம் மட்டும் பட்டால் திரை கவனிக்காது.
4. 10 முறை, இடைவெளி விட்டு.
5. பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து பெரிதாக்குங்கள். முதலில் நகத்தின் மெல்லிய முள், பிறகு டிரம்மின் பெரிய முள். இரண்டுக்கும் நடுவே எத்தனை சாம்பிள் என்று பார்த்து 48-ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட். 1,920 சாம்பிள் என்றால் 40.

பத்துக்கும் சராசரி போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். தாளம் ஆடுவதற்குக் காரணம் அந்த இடைவெளிதான்.

மைக்கில் நுழைந்து ஸ்பீக்கர் வழியே வெளிவரும் சுற்றுத் தாமதம் வேறு. கிட்டார் எஃபெக்டாகப் போனைப் பயன்படுத்துபவர்களுக்கு அதுதான் முக்கியம். ஆண்ட்ராய்டில் ஓபோடெஸ்டர் என்ற ஆப் அதைத் தானே அளந்து சொல்லும்.

புளூடூத் ஹெட்போன் போதாதா?

போதாது. வழக்கமான புளூடூத் இசை இணைப்பு மட்டுமே 100 முதல் 300 மில்லிசெகண்ட் சேர்க்கும். படம் பார்க்கும்போது தெரியாததற்குக் காரணம், பிளேயர் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திவிடுகிறது. உங்கள் விரலைத் தாமதப்படுத்த அதனால் முடியாது. புளூடூத் ஹெட்செட்டின் மைக்கையும் சேர்த்துத் திறந்தால் இன்னும் மோசம்: இணைப்பு அழைப்பு முறைக்கு மாறி, ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்துக்கு இறங்கிவிடலாம். வயர் ஹெட்போன், இல்லையென்றால் யூஎஸ்பி-சி அடாப்டர். வேறு வழி தேட வேண்டாம்.

ஐபோனா, ஆண்ட்ராய்டா?

பழைய கேள்வி. பதில் முன்போல ஒருதலைப்பட்சமாக இல்லை. ஐபோனில் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு தொடக்கத்திலிருந்தே குறைந்த தாமதத்துக்காகக் கட்டப்பட்டது, மாடல்களும் சில. ஆகவே ஒன்றில் நன்றாக ஓடும் ஆப் மற்றதிலும் ஓடும். 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்த ஏயூவி3 பிளக்இன் முறையால், ஒரு ஆப்பின் சிந்தசைசரை இன்னொரு ஆப்புக்குள் ஏற்றி வாசிக்கவும் முடிகிறது.

ஆண்ட்ராய்டில் நிலைமை மாறியது 2017-இல், ஆண்ட்ராய்டு 8.0-உடன் ஏஆடியோ என்ற ஒலி இடைமுகம் வந்தபோது. அதன் மேல் கட்டிய ஓபோ என்ற சி++ நூலகம் 8.1-இலிருந்து ஏஆடியோவையும், பழைய போன்களில் முந்தைய இடைமுகமான ஓபன்எஸ்எல்-ஐயும் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இன்று நல்ல ஆண்ட்ராய்டு போனில் தாராளமாக வாசிக்கலாம். சிக்கல், போனுக்குப் போன் வேறுபடுவது. வாங்குமுன் அந்த மாடல் ‘ஆடியோ ப்ரோ’ வசதியை அறிவிக்கிறதா என்று பாருங்கள். சுற்றுத் தாமதம் 20–25 மில்லிசெகண்ட் அளவுக்குள் இருக்கும் என்று உற்பத்தியாளர் ஏற்றுக்கொள்ளும் அடையாளம் அது. விலை இதைச் சொல்லாது.

பஃபரை எவ்வளவு வைப்பது?

128-இல் தொடங்குங்கள். உங்களுடைய மிகக் கனமான ஒலியை, அதிகபட்ச ஸ்வரங்களோடு இரண்டு நிமிடம் விடாமல் வாசியுங்கள். வெடிப்புச் சத்தம் வராவிட்டால் 64. வந்தால் 256. ஒற்றை ஸ்வரம் வாசித்துப் பார்த்து 64 போதும் என்று முடிவு செய்பவர்கள் நிகழ்ச்சியின் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆப் எழுதுபவர் என்றால் வேறு வழி: போனின் வன்பொருள் ஒரு முறைக்கு எத்தனை சாம்பிள் இழுக்கிறது என்று கேளுங்கள். அதை பர்ஸ்ட் என்பார்கள். 96, 192, 240 என்று மாடலுக்கு ஏற்ப வரும். பஃபரை இரண்டு பர்ஸ்டாக வைத்துத் தொடங்கி, தவறிய கட்டுகளின் எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் ஒரு பர்ஸ்ட் கூட்டுங்கள். ஓபோவில் இதைச் செய்யும் கருவி தயாராகவே இருக்கிறது. பர்ஸ்டின் மடங்காக இல்லாத எண்ணை வைத்தால் சில கட்டுகளுக்கு அதிக நேரமும் சிலவற்றுக்குக் குறைந்த நேரமும் கிடைக்கும்.

44,100-ஆ, 48,000-ஆ?

போன் எதில் ஓடுகிறதோ அது. இன்றைய போன்களில் பெரும்பாலும் 48,000. ஆண்ட்ராய்டில் நீங்கள் 44,100 கேட்டால் நடுவே ரீசாம்பிளர் நுழைந்து, தாமதம் குறைந்த வேகமான பாதை கைவிட்டுப் போகலாம். இன்னொரு பொறி: ஹெட்போனையோ யூஎஸ்பி இன்டர்ஃபேஸையோ செருகும்போது சாம்பிள் வேகம் மாறலாம். 44,100-க்குப் போட்ட கணக்கு 48,000-இல் ஓடினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைஸ்வரம் மேலே போய்விடும். ஒயரைச் செருகியதும் சுருதி ஏறினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

திடீர் திடீரென்று ‘டக், டக்’ என்று வெடிக்கிறது. ஏன்?

எப்போது வெடிக்கிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வாசிக்கத் தொடங்கும் முதல் ஸ்வரத்தில் மட்டும் என்றால், ப்ராசஸர் சக்தி மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து வேகம் பிடிப்பதற்குள் கெடு போய்விட்டது. பேட்டரி சேமிப்பு முறையை அணையுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் வாசித்த பிறகு என்றால் சூடு: போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜ் ஏற்றிக்கொண்டே வாசிக்காதீர்கள். திரையில் எதையாவது இழுக்கும்போது மட்டும் என்றால், அது ஆப்பின் தவறு. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஸ்வரம் தொடங்கும்போதும் முடியும்போதும் தவறாமல் ‘டிக்’ என்றால் அது கெடு தவறியதே அல்ல. ஒலி அலை பூஜ்ஜியத்தில் இல்லாதபோது வெட்டப்படுகிறது. தொடக்கத்துக்கு 2–5 மில்லிசெகண்டும் முடிவுக்கு 10–20 மில்லிசெகண்டும் சரிவு கொடுத்தால் போய்விடும்.

நானே ஆப் எழுதுகிறேன். ஆடியோ கால்பேக்குக்குள் எதைச் செய்யக் கூடாது?

அடுத்த கட்டு வேண்டும்போதெல்லாம் இயங்குதளம் கூப்பிடும் உங்கள் நிரல் பகுதிதான் கால்பேக். எவ்வளவு நேரம் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் அதற்குள் செய்யக் கூடாது. 128 சாம்பிள் கட்டுக்கு உங்களிடம் 2.67 மில்லிசெகண்ட் இருக்கிறது. அதில் 60–70 சதவீதத்துக்கு மேல் செலவழித்தால் ஆபத்து.

நினைவகம் கேட்பதும் விடுவிப்பதும் கூடாது. கோப்பைத் திறப்பது, படிப்பது, லாக் எழுதுவது கூடாது. கோட்லின், ஜாவா, ஸ்விஃப்ட் பகுதிக்குத் திரும்பக் கூப்பிடுவதும் கூடாது. மிக முக்கியமாக, ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி தடுக்கும் மியூடெக்ஸ் பூட்டுப் போடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம். திரையைக் கவனிக்கும் த்ரெட் (தனியே ஓடும் வேலை இழை), ஃபில்டர் அளவை மாற்றப் பூட்டைப் பிடிக்கிறது. பிடித்த அந்த நொடியில் இயங்குதளம் அதை நிறுத்திவிட்டு வேறு வேலையை ஓடவிடுகிறது. இப்போது ஆடியோ த்ரெட் வந்து அதே பூட்டுக்காகக் காத்து நிற்கிறது. முன்னுரிமை அதிகம் உள்ளது, முன்னுரிமை குறைந்ததற்காகத் தவம் கிடக்கிறது. சோதனை மேசையில் இது ஆயிரத்தில் ஒரு முறைதான் நடக்கும். அதனால்தான் வெளியிட்ட பிறகே தெரியவருகிறது.

பதிலாக: ஒற்றை எண்ணை அனுப்ப, பூட்டில்லாமலே பாதியில் உடையாமல் மாறும் அட்டாமிக் மாறி போதும். ஸ்வரத் தொடக்கம், முடிவு போன்ற நிகழ்வுகளுக்கு, ஒருவர் எழுத ஒருவர் மட்டும் படிக்கும் பூட்டில்லாத, வட்டமாகச் சுற்றிப் பயன்படும் ரிங் பஃபர் வையுங்கள். 256 இடம் தாராளம். நிகழ்வோடு அதன் நேரத்தையும் அனுப்பினால், கட்டுக்குள் சரியான சாம்பிளில் ஸ்வரத்தைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் எல்லா ஸ்வரமும் கட்டின் தொடக்கத்திலேயே விழும்.

ஆண்ட்ராய்டில் குறைந்த தாமத முறையையும், ஒலிப் பாதையை மற்ற ஆப்களோடு பகிராத ‘எக்ஸ்க்ளூசிவ்’ முறையையும் இரண்டையுமே கேட்க வேண்டும். கேட்டது கிடைத்ததா என்று ஸ்ட்ரீம் திறந்த பிறகு சரிபாருங்கள். போன் மறுக்கும்போது சத்தமில்லாமல் சாதாரண முறையைத் தந்துவிடும்.

சி++ தெரியாது. வேறு வழி உண்டா?

நிறைய. மில்லர் பக்கெட் 1996-இல் வெளியிட்ட ப்யூர் டேட்டாவில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துக் கருவி செய்யலாம். அதையே ஆப்புக்குள் பொதிந்து வைக்கும் நூலகம் லிப்பிடி. மொப்முபிளாட் போன்ற ஆப்கள் நீங்கள் வரைந்த இணைப்பைக் குறியீடு எழுதாமலே போனில் ஓட்டும். ‘வேனிலா’ என்னும் அடிப்படைப் பதிப்பில் உள்ள பெட்டிகளை மட்டும் பயன்படுத்துங்கள். கணினியில் கூடுதலாக நிறுவிய பெட்டி போனில் இருக்காது, கருவி பேசாது. ப்யூர் டேட்டா 64 சாம்பிள் கட்டுகளாகக் கணக்கிடும் என்பதால், ஆடியோ பஃபர் 64-இன் மடங்காக இருக்கட்டும்.

கணிதமாக யோசிப்பவர்களுக்கு ஃபாஸ்ட் (Faust) என்ற ஒலி நிரல் மொழி ஏற்றது. சில வரிகளிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்-க்கும் ஆப் உருவாக்கித் தரும்.

உலாவியில் வெப் ஆடியோவும் உண்டு. 128 சாம்பிள் கட்டு. ஆடியோவொர்க்லெட்டில் எழுதுங்கள், பழைய ஸ்கிரிப்ட் ப்ராசஸர் வேண்டாம். பயனர் ஒரு முறை தொடும் வரை ஒலி தொடங்காது. ஐபோனில் ஓசையடக்கும் முறை போட்டிருந்தால் வெப் ஆடியோ ஒலியும் அடங்கும். ‘வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

போனுக்கென்றே பொருந்தும் வாசிப்பு முறை எது?

கண்ணாடியில் வரைந்த பியானோ கட்டைகள் அல்ல. விரலுக்கு விளிம்பு தெரியாது, அழுத்தம் தெரியாது. போனிடம் பியானோவில் இல்லாத மூன்று இருக்கின்றன: மைக், சாய்வை உணரும் சென்சார், கையில் ஏந்தித் திருப்பக்கூடிய எடை. 2008-இல் ஸ்மியூல் வெளியிட்ட ஒக்கரினா ஆப் இதைத் தெளிவாகக் காட்டியது: திரையில் நான்கு துளைகள், மைக்கில் ஊதினால் ஒலி, போனைச் சாய்த்தால் கமகம் போன்ற அசைவு. அதன் பின்னால் இருந்த கே வாங், ஸ்டான்ஃபோர்டில் போன்களை மட்டுமே வைத்து மோஃபோ என்ற வாத்தியக் குழுவையும் நடத்தியவர்.

மைக்கில் ஊதுவதை எப்படி அளப்பது?

முதலில், மைக்கிலிருந்து கச்சா ஒலியை வாங்குங்கள். போன் தானாக ஒலியளவைச் சமன்செய்து, இரைச்சலை நீக்கித் தரும். மூச்சு அதன் கண்ணுக்கு இரைச்சல்தான். ஊத ஊத அமுக்கிவிடும். ஐஓஎஸ்-இல் ‘மெஷர்மென்ட்’ முறை, ஆண்ட்ராய்டில் ‘அன்பிராசஸ்டு’, அது இல்லாத போனில் ‘வாய்ஸ் ரெகக்னிஷன்’ கேளுங்கள்.

ஐபோனில் இன்னொன்று: வாசிப்பும் பதிவும் ஒன்றாகத் திறந்தால் ஒலி காதருகே வைக்கும் சிறு ஸ்பீக்கருக்குப் போய்விடும். கீழ் ஸ்பீக்கரே வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

வந்த ஒலியை, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் விடும் லோபாஸ் ஃபில்டர் வழியாக விடுங்கள். மூச்சின் கொந்தளிப்பு கீழ் அதிர்வெண்களில்தான் பலமாக இருக்கும். போனின் சொந்த ஸ்பீக்கரோ 200-க்குக் கீழே அநேகமாக ஊமை. அதனால் கருவி தன் ஒலியையே மூச்சு என்று நினைத்து ஏமாறாது. பிறகு 10 மில்லிசெகண்ட் துண்டுகளாக ஒலியளவைக் கணக்கிட்டு, எழ 5, விழ 80 மில்லிசெகண்ட் என்று மட்டப்படுத்துங்கள். தொடங்க ஒரு வரம்பு, நிறுத்த அதில் பாதி. ஒரே வரம்பு வைத்தால் மெல்ல ஊதும்போது ஸ்வரம் விட்டுவிட்டு இரையும்.

மைக் துளைக்கு நேராக ஊதாமல் சற்றுக் குறுக்காக ஊதச் சொல்லுங்கள். ஈரம் உள்ளே போகாது, அளவும் உச்சியில் முட்டாது.

சாய்த்தால் ஒலி படிக்கட்டு மாதிரி ‘ஜிர்ர்’ என்று மாறுகிறதே?

சென்சார் நொடிக்கு 100 முறை எண் தருகிறது என்றால், இரண்டு எண்களுக்கு நடுவே 480 சாம்பிள்கள். புது எண்ணை அப்படியே ஒலியளவுக்கோ ஃபில்டருக்கோ கொடுத்தால் அந்தத் தாவல் காதில் விழும். ஒவ்வொரு சாம்பிளிலும், இலக்குக்கும் இப்போதைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள். 48,000-இல் 20 மில்லிசெகண்ட் மென்மைக்கு அந்தப் பங்கு 960-இல் ஒன்று. நடுவில் 5 டிகிரி செயலற்ற இடம் விடுங்கள், கை நடுக்கம் சுருதியைத் தொடாது.

முதல் கருவியாக எதைச் செய்து பார்க்கலாம்?

கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் முறையில் மீட்டும் தந்தி. 1983-இல் வெளியானது, இன்றும் இவ்வளவு சிறிய கணக்கில் இவ்வளவு நல்ல ஒலி வேறெதிலும் எளிதில் வராது. சாம்பிள்களை வரிசையில் நிறுத்திச் சற்றுப் பிந்தி வெளிவிடும் ஒரு தாமதக் கோட்டை இரைச்சலால் நிரப்புங்கள். வெளிவரும் சாம்பிளையும் அதற்கு முந்தையதையும் சராசரி எடுத்து, 0.996-ஆல் பெருக்கித் திரும்ப உள்ளே விடுங்கள். அவ்வளவுதான், தந்தி ஒலிக்கும்.

சுருதியில்தான் எல்லோரும் தடுக்குவார்கள். 220 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 48,000 ÷ 220 = 218.18. சராசரி எடுப்பதே அரை சாம்பிள் தாமதம் சேர்ப்பதால் கோட்டின் நீளம் 217.68. முழு எண்ணாக 218 வைத்தால் 2.5 சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கம், காது மன்னிக்கும். ஆனால் 1,760 ஹெர்ட்ஸுக்கு 26.77 வேண்டிய இடத்தில் 27 வைத்தால் 14 சென்ட் இறங்கிவிடும், அபஸ்வரம்தான். பின்னப் பகுதிக்கு ஆல்பாஸ் ஃபில்டரோ இடைக்கணிப்போ சேர்த்தே ஆக வேண்டும்.

கீழ் ஸ்வரங்கள் ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை.

அந்த அளவு ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். 110 ஹெர்ட்ஸ் சைன் அலையை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. லேசாக டிஸ்டார்ஷன் சேர்த்து 220, 330, 440 என்று மேலடுக்குகளை உண்டாக்குங்கள். அடிப்படை ஸ்வரம் இல்லாவிட்டாலும் காது அதை ஊகித்துக்கொள்ளும்.

கீபோர்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் இணைக்க என்ன வேண்டும்?

‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்று குறிப்பிட்ட சாதனம். தனி டிரைவர் கேட்பது போனில் ஓடாது. யூஎஸ்பி-சி இல்லாத பழைய போனுக்கு ஓடிஜி அடாப்டர். இன்டர்ஃபேஸ் மின்னி மின்னி அணைந்தால் போன் தரும் மின்சாரம் போதவில்லை என்று பொருள். நடுவே தனி மின்சாரம் உள்ள ஹப்பைப் போடுங்கள். கீபோர்டின் ஸ்வரத் தகவலைக் கொண்டுவரும் மிடிக்கு ஆண்ட்ராய்டில் 6.0-இலிருந்து ஆதரவு உண்டு.

மேடையில் ஏறும் முன்?

விமான முறை போடுங்கள். தொந்தரவு செய்யாதே முறை மட்டும் போதும் என்று நம்ப வேண்டாம். திரை தானாக அணைவது, திரை சுழல்வது, விளிம்பிலிருந்து இழுத்தால் ஆப் மாறும் சைகை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’, ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’ ஆப்பை விட்டு வெளியே போகவிடாது. ஈரக் கையைத் துடைக்க ஒரு துணி.

பல போன்களை ஒரே தாளத்தில் ஓட்ட முடியுமா?

2016-இல் வந்த ஏபிள்டன் லிங்க் இதற்கென்றே உள்ளது. ஒரே வைஃபையில் இருக்கும் ஆப்கள் வேகத்தையும் தாளத்தின் இடத்தையும் பகிர்ந்துகொள்ளும், தலைமைக் கருவி என்று ஒன்று தேவையில்லை. மேடையில் இதைப் பயன்படுத்தும்போது விமான முறையை வைத்தபடியே வைஃபையை மட்டும் திறங்கள். பொது வைஃபை வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள், அதற்கு இணையம் தேவையில்லை. லிங்க் சரியாக ஓடியும் ஒரு போன் மட்டும் பிந்திக் கேட்டால், அதன் வெளியீட்டுத் தாமதம் மற்றவற்றைவிட அதிகம். மெட்ரோனோமை எல்லாவற்றிலும் ஓடவிட்டு ஒன்றாகப் பதிந்து, முன்பு சொன்னது போல முட்களின் இடைவெளியை அளந்து, அந்த மில்லிசெகண்டை ஆப்பின் தாமத ஈடு அமைப்பில் போடுங்கள். ஹெட்போனிலிருந்து ஸ்பீக்கருக்கு மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.